"நீங்க நல்லவங்கதான் டீச்சர், ஆனா…"

மழை விட்ட மறுநாள் எங்கள் பகுதியில் தவறாமல் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "கட்சிக்காரங்கள நம்பிப் பிரயோஜனமில்ல சார். கவுன்சிலர் தேர்தல்ல நம்மள்ல ஒருத்தர் நிக்கணும்." சொல்கிறவர் தான் நிற்பதாகச் சொல்லமாட்டார். கேட்கிறவரும் அதை எதிர்பார்ப்பதில்லை. முழங்கால் தண்ணீர் வடிந்ததும் பேச்சும் வடிந்துவிடும். 2021 நவம்பர் மழைக்குப் பிறகு மட்டும் வழக்கம் மாறியது. எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், "சரி, நானே நிக்கிறேன். யாராவது ஒருத்தர் முன்மொழியணுமாமே, தம்பி, நீ போடு" என்றார். போட்டேன்.

2022-இல் பதவியேற்ற மாநகராட்சி, நகராட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தோடு முடிகிறது. அடுத்த முறை சுயேச்சையாக நின்றால் என்ன என்று யோசிப்பவர்கள் சிலர் என்னிடம் விசாரித்தார்கள். ஆளுக்கொரு தடவை போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். வெற்றிக் கதை இல்லை. டீச்சருக்கு டெபாசிட் போனது. ஏன் போனது என்பதைத்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் பலரும் நினைக்கிற காரணம் அது இல்லை.

எங்கள் பகுதி 2011 வரை சென்னையே கிடையாது. அந்த ஆண்டு மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என்று 42 உள்ளாட்சிகளை உள்ளே இழுத்துக்கொண்டது. அம்பத்தூர், ஆலந்தூர், மாதவரம், திருவொற்றியூர் எல்லாம் அப்படி வந்தவைதான். வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் "தலைவர் காலத்துல" என்று ஆரம்பிப்பார்கள். அவர்கள் சொல்வது மாநிலத் தலைவர் யாரையும் இல்லை, பழைய ஊராட்சித் தலைவரை. அவர் யோக்கியரா என்பது வேறு பேச்சு. காலை ஆறரை மணிக்கு டீக்கடையில் பிடித்துவிடலாம், அதுதான் விசேஷம். இப்போது ஒரு வார்டுக்குச் சராசரியாக 30 ஆயிரம் வாக்காளர்கள். நிறைய நகராட்சிகள் இதைவிடச் சின்னவை.

டீச்சரைப் பற்றிச் சொல்லவேண்டும். வார்டில் நாற்பது வயதைத் தொட்டவர்களில் பாதிப் பேர் அவரிடம் வாய்ப்பாடு ஒப்பித்தவர்கள். கணவர் இல்லை, பையன் வெளியூரில். பேச்சில் அலங்காரம் கிடையாது. கூட்டத்தில் பேசச் சொன்னால் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடுவார். இதில் எது பலம், எது பலவீனம் என்று அப்போது எங்களுக்குத் தெளிவில்லை.

தேர்தல் அறிவிப்பு 2022 ஜனவரி 26 அன்று வந்தது. மனுத் தாக்கல் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை. அதாவது ஐந்து வருடத்துக்கும் மேலாகத் தேர்தலே நடத்தாமல் இருந்துவிட்டு, நிற்க விரும்புகிறவருக்குக் கொடுத்தது ஒரு வாரம். கட்சிக்காரர்களிடம் காகிதங்களெல்லாம் தயாராக இருக்கும், வக்கீல் இருப்பார். சுயேச்சைக்கு அந்த வாரம் நாக்குத் தள்ளிவிடும். முன்மொழிகிறவர் அதே வார்டின் வாக்காளராக இருக்கவேண்டும். வேட்பாளருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மாநகராட்சிக்குள் எந்த வார்டில் பெயர் இருந்தாலும் போதும். "உள்ளூர்க்காரர்" என்று நாம் பெரிதாகப் பேசும் தகுதியைச் சட்டம் முன்மொழிகிறவரிடம்தான் கேட்கிறது, வேட்பாளரிடம் கேட்கவில்லை. எனக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகவே பட்டது.

மாநகராட்சிக்கு வரி பாக்கி வைத்திருந்தால் நிற்க முடியாது என்பதால் பாக்கி இல்லை என்று சான்று வாங்கவேண்டும். டீச்சர் ஒரு அரையாண்டுகூடத் தவறவிட்டதில்லை. ஆனால் ரசீதெல்லாம் மறைந்த கணவர் பெயரில். பெயர் மாற்றம் செய்யவேண்டும் என்று வருடக்கணக்காக அலமாரியில் ஒரு கவர் கிடந்திருக்கிறது. வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, பழைய ரசீதுகள் என்று எல்லாவற்றையும் காட்டி, எப்படியோ முடிந்தது. நிற்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் செய்யவேண்டிய காரியம் இதுதான்: வீட்டு வரி யார் பெயரில் இருக்கிறது, வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண் என்ன, பெயரில் எழுத்துப் பிழை உண்டா என்று இன்றைக்கே பாருங்கள். கொள்கை விளக்கம் அப்புறம் எழுதலாம்.

உறுதிமொழிப் பத்திரத்தில் சொத்து விவரம் எழுதவேண்டும். நகை எத்தனை கிராம் என்று ஒரு கட்டம். டீச்சர் "சுமார்" என்று எழுதமாட்டார். சமையலறையில் மாவு நிறுக்கும் தராசை எடுத்துவந்து, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்தார். பிறகு வளையல். எண்ணைப் படித்து, மறுபடி வைத்து, மறுபடி படித்து, சின்ன எழுத்தில் எழுதினார். குற்ற வழக்கு, கடன், வாகனம், விவசாய நிலம் என்று வந்த கட்டங்களிலெல்லாம் "இல்லை", "இல்லை", "இல்லை". ஒரு கட்டத்தையும் காலியாக விடக்கூடாது, கோடு கிழித்துவிடவும் கூடாது என்று வக்கீல் ஒருவர் எச்சரித்திருந்தார். பத்திரத்தை மடிக்கும்போது டீச்சர் சொன்னார்: "முப்பத்து மூணு வருஷம் வேலை பார்த்துட்டு எவ்ளோ இல்ல பாரு."

மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. குறைந்தபட்ச வயது 21. செலவு வரம்பு சென்னை வார்டுக்கு 90,000. டீச்சர் அந்த வரம்பில் பாதியைக்கூடத் தொடவில்லை. நோட்டீஸ், ஒரு ஆட்டோவும் மைக்கும், பூத் சிலிப் அச்சு, டீ, வடை. சுயேச்சை தோற்றால் "பணம் இல்ல சார், அதான்" என்று எல்லாரும் முடித்துவிடுகிறார்கள். பணம் ஒரு காரணம்தான். ஆனால் எங்கள் வார்டில் அது இரண்டாவதோ மூன்றாவதோ.

வாபஸ் பெறக் கடைசி நாள் பிப்ரவரி 7. அதற்கு முந்தைய மாலை ஒரு கட்சியின் வட்டச் செயலாளர் பழத்தட்டோடு வந்தார். வெறும் மரியாதைதான், மிரட்டல் எதுவும் இல்லை. அவரும் டீச்சரிடம் படித்தவர், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார். "டீச்சர், நம்ம வீட்லதான் நிக்கிறாங்க. நீங்க வாபஸ் வாங்கிட்டீங்கன்னா நல்லா இருக்கும். உங்க தெரு ரோடு என் பொறுப்பு." டீச்சர் அவரை உட்கார வைத்து காபி கொடுத்தார். "ரோடு போடறது உன் பொறுப்புன்னா நான் வாபஸ் வாங்கினாலும் வாங்காட்டியும் அது உன் பொறுப்புதானே?" என்று கேட்டார். பழத்தட்டை அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆப்பிளை நாங்கள் சாப்பிட்டோம்.

"நம்ம வீட்ல" என்றது அவர் மனைவியை. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2016-இல் சட்டம் மாறி உள்ளாட்சிகளில் பெண்களுக்கான இடம் பாதியானது. சுவரொட்டிகளில் வேட்பாளர் கைகூப்பியபடி ஓரத்தில் நிற்க, நடுவில் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தக் காட்சி எல்லாருக்கும் பழக்கம், நையாண்டி செய்வதும் சுலபம். நானும் செய்தேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: ஜெயித்தது அந்தப் பெண்மணிதான். முதல் ஆண்டு கணவர் பின்னாலேயே வந்தார், அப்புறம் வருவது குறைந்தது. இப்போது மண்டலக் கூட்டங்களில் தானே எழுந்து கேட்கிறார், அதிகாரிகளின் போன் எண் அவருடைய போனிலேயே இருக்கிறது. ஒதுக்கீடு எதற்காக இருக்கிறது என்று இதைப் பார்த்தபிறகு நான் வாதாடுவதில்லை.

சின்னம். தண்ணீர்க் குழாய் கேட்டோம். குடிநீர்ப் பிரச்சினை உள்ள வார்டுக்குத் தானாகப் பேசும் சின்னம். இன்னொரு சுயேச்சையும் அதையே கேட்க, குலுக்கல், அவருக்குப் போய்விட்டது. எங்களுக்கு வைரம் கிடைத்தது. நோட்டீஸ் கொடுத்த இடமெல்லாம் "நகைக்கடை திறக்கறீங்களா?" என்று கேட்டார்கள். அந்த இன்னொரு சுயேச்சையைத் தேர்தல் முடியும்வரை வார்டில் நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவர் யாருக்காக நின்றார் என்பதில் தெருவுக்கு ஒரு கருத்து இருந்தது.

பிரச்சாரம் என்றால் மேளமும் தாளமும் இல்லை. கொரோனாக் கட்டுப்பாடு இருந்ததும் ஒரு வகையில் எங்களுக்கு வசதி, ஊர்வலம் போகிற கட்சிகளும் நடந்துதான் வரவேண்டியிருந்தது. டீச்சர் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினார். பக்கத்துக்கு நான்கு பத்தி கோடு போட்டார். கதவு எண், குறை, எத்தனை நாளாக, நான்காவதாக "யார் வேலை". அந்த நான்காவது பத்திதான் எங்களைக் கவிழ்த்தது என்று எனக்கு ஒரு எண்ணம்.

நகராட்சிகளுக்கு என்னென்ன அதிகாரம் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 12-ஆவது அட்டவணை 18 இனங்களைப் பட்டியல் போடுகிறது. 74-ஆவது திருத்தத்தில் வந்தது, 1993 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. குடிநீர் அதில் உண்டு, நகரத் திட்டமிடலும் உண்டு. ஆனால் சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978-இலிருந்து குடிநீர் வாரியத்தின் கையில். கட்டட அனுமதியும் நில உபயோகமும் பெரும்பகுதி பெருநகர வளர்ச்சிக் குழுமம். மின்கம்பி மின்வாரியம், பட்டா தாசில்தார், ரேஷன் அட்டை உணவு வழங்கல் துறை. கவுன்சிலரிடம் மிச்சம் இருப்பது குப்பை, தெருவிளக்கு, உட்புறச் சாலை, மழைநீர் வடிகால், பூங்கா, கொசு. இவையும் சின்ன விஷயங்கள் இல்லை. ஆனால் வீட்டு வாசலில் ஜனம் சொன்ன குறைகளை எழுதி நிரப்பிப் பார்த்தால், நான்காவது பத்தியில் பெரும்பாலும் வேறு யாரோ வந்தார்கள்.

எங்கள் வார்டின் பின்பக்கத் தெருக்களில் மழைநீர் வடிகாலில் கழிவுநீர் ஓடும். பாதாளச் சாக்கடை இணைப்பு முழுசாக வராத இடம், சில வீடுகள் குழாயை வடிகாலில் விட்டிருக்கின்றன. வடிகால் மாநகராட்சியுடையது, அதில் ஓடுவது வாரியத்துடையது. நாற்றம் மட்டும் எங்களுடையது. அந்தத் தெருவில் ஒரு அம்மா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "நீங்க ஜெயிச்சா இதை சரி பண்ணிடுவீங்களா?" கட்சி வேட்பாளர்கள் மூன்று பேரும் அதே வாசலில் "முதல் கையெழுத்தே இதுக்குத்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். டீச்சர் நோட்டைத் திறந்து, இதில் மாநகராட்சி செய்யக்கூடியது இவ்வளவு, வாரியம் செய்யவேண்டியது இவ்வளவு, நான் மன்றத்தில் கேட்கலாம், மனு எழுதித் தரலாம், ஆனால் கையெழுத்துப் போட்டு முடிக்கிற அதிகாரம் கவுன்சிலருக்கு இல்லை என்று பொறுமையாக விளக்கினார். அந்த அம்மா தலையாட்டினார். பிடித்திருந்த கையை விட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் நான் சண்டை போட்டேன். "செஞ்சு தரேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன டீச்சர்?" "செய்ய முடியாததை எப்படித் தம்பி சொல்றது?" அவ்வளவுதான் பதில். இந்த விஷயத்தில் நான் இன்றும் டீச்சர் பக்கம் முழுசாக இல்லை. "செய்ய வைக்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். அது பொய் இல்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பேருந்து நிறுத்தம் அருகே இட்லிக் கடை வைத்திருக்கும் பெண். அவர் பையன் பத்தாம் வகுப்புக் கணக்கில் தேறியதே டீச்சர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான். அவர் ஓட்டு நிச்சயம் என்று நினைத்துத்தான் போனோம். தட்டில் மாவை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "டீச்சர், உங்களுக்கு மறைச்சுப் பேச மாட்டேன். நீங்க நல்லவங்கதான், ஆனா ஆளுங்கட்சி ஆளு ஜெயிச்சாத்தான் ஆபீஸ்ல வேலை நடக்கும். என் கடையைத் தூக்கச் சொல்லி யாராவது வந்தா அவங்க ஒரு போன் பண்ணுவாங்க. நீங்க போன் பண்ணா யார் எடுப்பாங்க?"

டீச்சருக்குப் பதில் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அதன் பிறகு இதே வாக்கியத்தை வேறு வேறு சொற்களில் எத்தனையோ வாசல்களில் கேட்டோம். "நல்லவங்க", "படிச்சவங்க", "கை சுத்தம்" என்று பாராட்டு முதலில் வரும், பிறகு ஒரு "ஆனா". அந்த "ஆனா"வில்தான் தேர்தல் முடிந்துபோனது.

ஜனங்களுக்கு விவரம் போதவில்லை என்று நம்முடைய குடியிருப்போர் சங்கங்களில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அது ஏற்பில்லை. அந்த இட்லிக் கடைப் பெண்ணுக்கு என்னைவிட விவரம் அதிகம். எப்படியென்று பாருங்கள். மாநகராட்சியை நிர்வகிப்பது ஆணையர். அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, நியமிப்பது மாநில அரசு. மேயரை 1996, 2001, 2011 தேர்தல்களில் சென்னைவாசிகள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-இல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள், அதாவது பெரும்பான்மைக் கட்சி முடிவு செய்தது. பெரிய திட்டங்களுக்கான பணம் மேலேயிருந்து வரவேண்டும். இந்த அமைப்பில் ஒரு சுயேச்சைக் கவுன்சிலர் மன்றத்தில் கேள்வி கேட்கலாம், அது பத்திரிகையில் வரலாம். இட்லிக் கடை வாசலில் ஜீப் நிற்கும்போது அது உதவுமா?

இன்னொன்று, மன்றம் என்று ஒன்று இருப்பதே இந்த ஊருக்குப் பழக்கமில்லை. 1688-இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது என்று பெருமை பேசுகிறோம். 1973-இல் மன்றம் கலைக்கப்பட்டு, அடுத்த தேர்தல் நடந்தது 1996-இல். பிறகு இருபது ஆண்டு ஒழுங்காக ஓடியது. 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தலை, பழங்குடியினர் இட ஒதுக்கீடு தொடர்பான வழக்கில், வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பின் 2022 வரை தனி அலுவலர்கள் ஆட்சி. பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை முடிக்கவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு சொல்கிறது. சொல்லி என்ன? கூட்டிக் கழித்தால், 1973 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரையான 48 ஆண்டுகளில் சென்னைக்கு மன்றம் இருந்தது 20 ஆண்டுகள்தான். கணக்குப் போட்டவர் டீச்சர்.

2011 தேர்தலுக்கு அடுத்த மாதம் 18 வயதானவருக்கு 2022-இல் 28. கல்யாணமாகிக் குழந்தை இருந்த அந்த வயதுக்காரர்கள் கவுன்சிலருக்கு ஓட்டே போட்டதில்லை. அந்த இடைப்பட்ட காலத்தில் ஜனம் சும்மா இருக்கவில்லை. எம்.எல்.ஏ. ஆபீஸ், வட்டச் செயலாளர் வீடு, தெரிந்த உதவிப் பொறியாளர் என்று வேறு வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். வேலை நடக்கும் வழி அதுதான் என்று ஆனபிறகு, வழியோடு ஒட்டியிருக்கிற ஆளுக்கு ஓட்டுப் போடுவது முட்டாள்தனமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அப்படியானால் டீச்சருக்கு ஓட்டுப் போட வேண்டியவர்கள் யார்? ஆபீஸ் தயவு தேவைப்படாதவர்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருப்பவர்கள், மாதச் சம்பளக்காரர்கள். வாட்ஸாப் குழுவில் டீச்சரின் நோட்டீஸைப் போட்டபோது கட்டைவிரல் மழை. "சரியான தேர்வு", "இப்படித்தான் மாற்றம் வரும்". 2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை, வாக்குப்பதிவு. பொதுவிடுமுறை. பக்கத்துப் பள்ளியில் பூத், நடந்தால் ஐந்து நிமிடம். சென்னையில் மொத்தம் பதிவானது 43.59 சதவீதம். மாநிலம் முழுக்க 60 சதவீதத்துக்கு மேல் வந்தபோது நாங்கள்தான் கடைசி. பின்பக்கத் தெருப் பூத்துகளில் காலையிலிருந்தே வரிசை. அடுக்குமாடிப் பூத்தில் மதியம் அலுவலர்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரல் காட்டியவர்களில் மைசூரிலிருந்து படம் அனுப்பியவர்களும் உண்டு. இவர்கள்மேல் எனக்கு இருக்கிற கோபம் இட்லிக் கடைப் பெண்மேல் துளியும் இல்லை.

முகவர்கள் பற்றியும் சொல்லவேண்டும், நிற்க நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. ஒரு வார்டுக்கு முப்பது பூத் அளவில் வரும். ஒவ்வொன்றிலும் காலை ஏழு மணிக்கு வாக்குப்பதிவு தொடங்குமுன் மாதிரி வாக்குப்பதிவு பார்க்க ஒருவர் உட்காரவேண்டும், மாலை ஆறு மணிவரை இருக்கவேண்டும். கட்சிக்கு அது ஒரு போன். எங்களுக்கு மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. வாக்கு எண்ணிக்கை பிப்ரவரி 22. பூத்வாரியாக எண்கள் வர வர டீச்சர் அதே நோட்டில் பின்பக்கம் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டார். நாங்கள் இரண்டு சுற்று நடந்த தெருக்களின் பூத்துகளில் வாக்கு கௌரவமாக இருந்தது. ஒரே சுற்று போன இடங்களில் அதில் கால்வாசி. முகவர் உட்காராத சில பூத்துகளில் ஒற்றை இலக்கம். மொத்தம் பதிவானதில் ஆறில் ஒரு பங்கு வந்தால் டெபாசிட் திரும்பும். அதற்கு நாங்கள் பக்கத்தில்கூட இல்லை.

சென்னையின் 200 வார்டுகளில் அன்று 153 தி.மு.க.வுக்கு, 15 அ.தி.மு.க.வுக்கு. சுயேச்சைகள் 5. ஐந்துதானா என்று சலித்துக்கொள்ளலாம். எனக்கோ, இவ்வளவும் தெரிந்தபிறகு, ஐந்து பேர் எப்படி ஜெயித்தார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

தோற்றவருக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முடிவு வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்கவேண்டும், கொடுக்காவிட்டால் மூன்றாண்டு நிற்கத் தடை. வெறுத்துப்போன சுயேச்சைகள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். டீச்சர் வடை ரசீதுவரை ஒட்டிக் கொடுத்தார்.

அந்த நோட்டை அவர் தூக்கிப் போடவில்லை. 2022-இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. கிராம சபைபோல் நகரத்திலும் வார்டைப் பகுதிகளாகப் பிரித்துக் கூட்டம் போடவேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தில் கூட்டங்கள் தொடங்கின, முதலமைச்சரே பம்மலில் ஒரு கூட்டத்தில் கலந்துகொண்டார். எங்கள் பகுதிக் கூட்டத்துக்கு வந்தவர்களில் பலர் பிரியாணி உண்டா என்று பார்க்க வந்தவர்கள். டீச்சர் முதல் வரிசையில் நோட்டோடு. கவுன்சிலர் அம்மா அவரைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னார். பின்பக்கத் தெரு வடிகால் விவகாரம் அன்று தீர்மானமாகப் பதிவானது. கதவு எண், எத்தனை நாளாக, யார் வேலை என்று எல்லாம் எழுதியே இருந்ததால் பொறியாளரால் "பார்க்கிறோம்" என்று நகர முடியவில்லை. வேலை ஆரம்பிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இன்னும் கடைசி இரண்டு தெரு பாக்கி. இட்லிக் கடைப் பெண்ணின் கணக்கு இங்கேயும் பொய்க்கவில்லை: எழுதித் தந்தது டீச்சர், போன் செய்து நகர்த்தியது ஆளுங்கட்சிக் கவுன்சிலர்.

2023 ஜூலையிலிருந்து மாநகராட்சிக் கவுன்சிலர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் வருகிறது. பென்ஷனோ, சொந்தத் தொழிலோ, கான்ட்ராக்டர் நட்போ இல்லாத ஒருவர் அந்தத் தொகையில் முழுநேரமும் இந்த வேலையைப் பார்க்க முடியுமா என்று நிற்க நினைப்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்வது நல்லது. டீச்சருக்குப் பென்ஷன் இருந்தது.

இப்போது புதுப் பேச்சு ஒன்று ஓடுகிறது. அதே வட்டச் செயலாளர் போன மாதம் மறுபடி வந்தார், இந்தத் தடவை பழத்தட்டு இல்லாமல். "டீச்சர், கட்சில சேர்ந்துடுங்க. அடுத்த தடவை வாய்ப்பு வந்தாலும் வரும்." டீச்சர் மறுக்கவில்லை, யோசிக்கிறேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் போனதும் கேட்டேன். "நீதானே தம்பி சொன்னே, அந்தப் பொண்ணு சொல்றது சரின்னு? சரின்னா, நான் போன் பண்ணா எடுக்கற இடத்துல போய் உட்காரணும் இல்ல?" என்றார். உள்ளே போனால் நான்காவது பத்தியை எழுத விடுவார்களா என்று கேட்டேன். "அதுதான் எனக்கும் தெரியல. நீ என்ன நினைக்கறே?" என்றார். சேரவேண்டாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காரணம் கேட்டால் உருப்படியாக ஒன்றும் சொல்ல வரவில்லை. அடுத்த பகுதி சபை முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று தள்ளி வைத்திருக்கிறோம். கணவர் பெயரிலிருந்த வீட்டு வரியை மட்டும் அவர் தன் பெயருக்கு மாற்றிவிட்டார்.